அசையாத நுரையீரல்

மூச்சு என்றால் நெஞ்சு ஏறி இறங்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.சி.யூ.வில் மூச்சுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னாலஜிஸ்ட் நான். நோயாளியைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள் மானிட்டரைக் கண்டுகொள்வதே இல்லை. போர்வை ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இறங்கி ஏறினால் போதும், முகத்தில் ஒரு தெம்பு வந்துவிடும்.

ஆனால் நெஞ்சு அசைவது ஒரு காரியம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவது இன்னொரு காரியம். ரத்தத்திலிருந்து கரியமில வாயு இறங்குவது மூன்றாவது. நம் உடம்பில் மூன்றும் ஒன்றாகவே நடப்பதால் ஒரே வேலை போலத் தெரிகிறது. இவற்றைப் பிரித்து எடுக்கலாம் என்று மனிதனுக்குக் காட்டியவை நாயும் ஆடும் எலியும் முயலும் பன்றியும்தான். கடைசியில் ஒரு மீனும் சேர்ந்துகொண்டது. நான் தினமும் தொட்டு வேலை செய்யும் கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லண்டன், 1667 அக்டோபர். ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் முன்னால் ராபர்ட் ஹூக் ஒரு நாயின் மார்பைத் திறந்தார். மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும், நாயால் தானாக மூச்சு விட முடியாது. மூச்சுக்குழாயில் துருத்தி வைத்து ஊதி அதை உயிரோடு வைத்திருந்தார். இதுவரை புதுமை ஒன்றும் இல்லை. 1543லேயே உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் நாணல் குழாய் வழியாக ஊதி ஒரு விலங்கின் உயிரை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதிவிட்டார். ஹூக்கும் மூன்று வருடத்துக்கு முன் இதே சோதனையைச் செய்திருந்தார். இந்தத் தடவை அவர் இன்னொன்று செய்தார். நுரையீரலின் மேலுறையில் கத்தி முனையால் அங்கங்கே குத்தி ஓட்டை போட்டார். இரண்டு துருத்திகளை வைத்து, காற்று இடைவிடாமல் உள்ளே போய் அந்த ஓட்டைகள் வழியாக வெளியேறும்படி செய்தார். நுரையீரல் உப்பினபடியே நின்றது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாய் அப்படியே கிடந்தது. கண்ணில் உயிர் இருந்தது, இதயம் ஒழுங்காகத் துடித்தது. காற்றை நிறுத்தினால் வலிப்பு வந்தது. திரும்ப விட்டால் தேறியது.

நுரையீரல் அசைவதால்தான் ரத்தம் ஓடுகிறது, உயிர் நிற்கிறது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். அசைவு இல்லாமலே நாய் உயிரோடு இருந்தது. வேண்டியது புதுக்காற்றுதான் என்று தெரிந்துவிட்டது.

மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஈதர் வந்தது 1846ல். 1664ல் முதல் சோதனையை முடித்த பிறகு ஹூக் ராபர்ட் பாயிலுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தப் பிராணி பட்ட வதையைப் பார்த்த பிறகு இனி இப்படிச் செய்ய மனம் வராது, அதற்கு உணர்வு தெரியாமல் செய்ய வழி இருந்தால் இந்த ஆராய்ச்சி உயர்ந்தது, ஆனால் எந்த அபினும் அதைச் செய்யாது என்று நினைக்கிறேன், என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து மறுபடி செய்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் செய்தார். எனக்கு இந்தத் துறையின் முழு வரலாறும் அந்தக் கடிதத்துக்கும் அந்த அக்டோபருக்கும் நடுவில்தான் நிற்கிறது.

சரி, இனி ஒரு கழுதையின் கதைக்கு வருகிறேன்.

மெரிபேங்கில் ஒரு ஆயா இருக்கிறார். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கிறார். தென் டர்பனில் இது அபூர்வமில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த ஊர் அது. 2000களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் எடுத்த ஆய்வில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருந்தது. இழுப்பு என்றால் என்ன என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டாம். லோட்ஷெடிங் காலத்தில் மின்சாரம் போகும் நேரத்தை ஆயா மனப்பாடமாக வைத்திருப்பார். அரை மணி முன்பே சிலிண்டருக்கு மாற்றச் சொல்லி பேத்தியை விரட்டுவார். ஒரு நாள் நான் ஃபில்டர் கழுவிப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"இந்த மிஷினெல்லாம் மொதல்ல யாரு மேல வெச்சுப் பாத்தாங்க, தம்பி?"

"நாய் மேல, ஆயா. ஆடு, எலி. ஒரு கழுதை மேலகூட."

"கழுதை பொழச்சுதா?"

"பொழச்சுது."

"பேரு வெச்சாங்களா அதுக்கு?"

வைத்தார்கள். வூராலியா. 1814ல் லண்டன் கால்நடைக் கல்லூரியில் சார்ல்ஸ் வாட்டர்டனும் பிராடியும் அந்தக் கழுதைக்குக் க்யூராரே விஷத்தை ஏற்றினார்கள். தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு நுனியில் தடவும் விஷம். அது தசைகளை மட்டும் செயலிழக்க வைக்கும். இதயம் நிற்காது, மூச்சுத் தசை நின்றுவிடும், அதனால் சாவு. கழுதை விழுந்தது. மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டுத் துருத்தியால் மணிக்கணக்கில் ஊதினார்கள். விஷத்தின் வீரியம் இறங்கியதும் எழுந்து நின்றது. அப்புறம் வாட்டர்டன் அதைத் தன் தோட்டத்தில் விட்டு வளர்த்தார். 1839 வரை உயிரோடு இருந்தது. ஆயாவுக்கு இதில்தான் திருப்தி. "அப்போ பென்சன் குடுத்துட்டாங்க" என்றார்.

ஆனால் கழுதையின் கதை அங்கே முடியவில்லை. தசையை விஷம் நிறுத்தும், மூச்சை வெளியிலிருந்து கொடுத்தால் உயிர் நிற்கும் என்பது அந்தத் தோட்டத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1950களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், சகஜம். தொப்புள் கொடியைச் சுத்தமில்லாத கருவியால் வெட்டினால் வருவது. ஏழெட்டு நாள் வயசில் தாடை இறுகும், முதுகு வில்லாக வளையும், தொட்டால் வெட்டி இழுக்கும், மூச்சு நிற்கும். வந்த குழந்தைகளில் பெரும்பாலானவை போய்விடும். கேப் டவுனில் ஸ்மைத்தும் புல்லும் ஒரு வழி எடுத்தார்கள். க்யூராரே மருந்து கொடுத்துத் தசையை முழுக்கத் தளர்த்திவிடுவது, இசிவு அடங்கும் வரை வாரக்கணக்கில் கருவியால் மூச்சு கொடுப்பது. 1959ல் எழுதினார்கள். டர்பன் கிங் எட்வர்ட் மருத்துவமனையிலும் உடனே தொடங்கினார்கள், 1961ல் அங்கிருந்தும் கட்டுரை வந்தது. நிறவெறிச் சட்டம் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் என்று ஒதுக்கிய மருத்துவமனை அது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் பிறந்த இடம். உலகத்தில் குழந்தைகளுக்கு நீண்ட நாள் வென்டிலேட்டர் வைக்கக் கற்றுக்கொண்ட முதல் சில இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. இங்கே இருக்கும் நம் ஆட்களில் பலருக்கே இது தெரியாது.

இனி ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் பிரித்த கதை.

1944ல் அமெரிக்காவில் டிரேப்பரும் வைட்ஹெட்டும் மயக்கத்தில் இருந்த நாய்களுக்கு முதலில் சுத்த ஆக்சிஜனைக் கொடுத்து நுரையீரலை நிரப்பினார்கள். பிறகு மூச்சு முழுக்க நிற்கும் அளவுக்கு மருந்து ஏற்றி, மூச்சுக்குழாயை ஆக்சிஜனோடு இணைத்து வைத்தார்கள். ஊதவில்லை, அழுத்தவில்லை. சும்மா இணைத்ததோடு சரி. நாய்கள் உயிரோடு இருந்தன. காரணம் எளிது. ரத்தம் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கிறது, வளர்ந்த மனிதனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி. மூச்சு நின்றால் கரியமில வாயுவில் பெரும்பகுதி ரத்தத்திலும் சதையிலும் தங்கிவிடுகிறது, கொஞ்சம்தான் நுரையீரலுக்கு வருகிறது. எடுப்பது நிறைய, திரும்பி வருவது கொஞ்சம் என்றால் உள்ளே காலியாகும் இடத்துக்கு மேலிருந்து ஆக்சிஜன் தானாக இறங்கும். 1959ல் ஃப்ரூமினும் கூட்டாளிகளும் அறுவை சிகிச்சை நோயாளிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒருவர் 55 நிமிடம் மூச்சு விடாமல் இருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை.

கரியமில வாயுதான் குறுக்கே நின்றது. சாதாரணமாக 40 இருக்க வேண்டிய அழுத்தம் ஒருவருக்கு 250 வரை ஏறியது. ரத்தம் புளித்துப் போகும் அளவு. அவர் பிழைத்தார் என்றாலும் அதை வைத்தியம் என்று சொல்ல முடியாது.

இதை நான் கண்ணால் பார்ப்பது மூளைச்சாவை உறுதி செய்யும் சோதனையில். வென்டிலேட்டரைக் கழற்றுவோம். மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி ஆக்சிஜனைத் திறந்து வைப்போம். போர்வையை இடுப்பு வரை விலக்கிவிட்டு, இரண்டு மருத்துவர்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று நெஞ்சையும் வயிற்றையுமே பார்ப்பார்கள். எட்டு, பத்து நிமிடம். நெஞ்சு அசையாது. விரலில் மாட்டிய சாச்சுரேஷன் கருவி 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தால் கரியமில வாயு மட்டும் மேலே மேலே போயிருக்கும். மூச்சு விடு என்று மூளையை உசுப்புவது அந்த வாயுதான். அத்தனை உசுப்பியும் நெஞ்சு அசையவில்லை என்பதுதான் அந்தச் சோதனை. ஆக்சிஜன் ஒரு கணக்கு, கரியமில வாயு வேறு கணக்கு என்பதை அந்தப் பத்து நிமிடம் போல எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

இதே பாடத்தை இந்த நாட்டில் காண்டாமிருகங்களும் கற்றுக்கொடுத்தன. டர்பனிலிருந்து வடக்கே போனால் இம்ஃபொலோசி. வெள்ளைக் காண்டாமிருகம் அழியாமல் நின்ற இடம். 1960களில் அங்கிருந்து மற்ற காடுகளுக்கு அவற்றைப் பிடித்து அனுப்பினார்கள். பிடிப்பதற்குச் சுடும் மயக்க ஊசியில் எட்டார்ஃபின் இருக்கும், மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம். அது காண்டாமிருகத்தைப் படுக்க வைக்கும், கூடவே மூச்சையும் அமுக்கிவிடும். இரண்டு டன் எடையோடு படுத்திருக்கும் பிராணிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் பயங்கரமாகக் குறையும். வென்டிலேட்டரைக் காட்டுக்குள் தூக்கிப் போக முடியாது. விட்ஸ், பிரிட்டோரியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் க்ரூகர் பூங்காவில் வேறு வழி பார்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாயை இறக்கி ஆக்சிஜன் விடுவது, எட்டார்ஃபினின் பிடியை ஓரளவு தளர்த்தும் பியூட்டார்ஃபனால் கொடுப்பது, காது ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பது. 2014ல் வெளியிட்டார்கள். ஆக்சிஜனை மட்டும் விட்டால் கரியமில வாயு இன்னும் மோசமாக ஏறியது. மருந்தும் ஆக்சிஜனும் சேர்ந்தபோதுதான் ஆக்சிஜன் குறைவு முழுக்கச் சரியானது. நுரையீரல் நோயில் வாடும் முதியவருக்கு ஆக்சிஜனைக் கண்டபடி திறந்துவிடாதீர்கள் என்று நாங்கள் புது நர்ஸ்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்கிற எச்சரிக்கைக்கும் இதற்கும் உறவு உண்டு. இந்த ஆராய்ச்சியை நான் கூடுதலாக மதிக்க இன்னொரு காரணம், இது அந்தப் பிராணிக்காகவே நடந்தது. கொம்புக்காக வேட்டையாடப்படும் காண்டாமிருகத்தை இடம் மாற்றவும் கொம்பை அறுத்துவிடவும் மயக்கியாக வேண்டும், மயக்கத்தில் அது சாகக் கூடாது.

அப்படியானால் கரியமில வாயுவை மட்டும் வேறு வாசல் வழியாக எடுத்தால்? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த தியோடர் கோலோபோவ் செய்தது இதுதான். எஸ்தோனியாவில் பிறந்தவர். ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே ஒரு சவ்வு வழியாக ஓட்டி, அங்கே கரியமில வாயுவை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்பினார். குட்டிகள் விழித்திருந்தன. வெளியே எடுக்க எடுக்க, குட்டிகள் விடும் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. முழுக்க எடுத்தபோது மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டன. திணறல் இல்லை, பதற்றம் இல்லை. மூச்சு விட வேண்டிய அவசியமே அவற்றுக்குத் தோன்றவில்லை. 1977ல் வந்த அந்தக் கட்டுரையை முதல் தடவை படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம்மை மூச்சு விட வைப்பது ஆக்சிஜன் ஆசை என்று நினைத்திருக்கிறோம். குப்பையை வெளியே தள்ளும் அவசரம்தான் அதில் பெரும்பங்கு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. ஹீமோகுளோபினை சீட் எண்ணிக்கை குறிப்பிட்ட பஸ் என்று வையுங்கள். நுரையீரலுக்குத் திரும்பி வரும் ரத்தத்தில் முக்கால்வாசி சீட்டில் ஆக்சிஜன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். லிட்டருக்குச் சுமார் 50 மில்லிதான் புதிதாக ஏற்ற முடியும். நிமிடத்துக்கு 250 மில்லி வேண்டும் என்றால் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடியாக வேண்டும். கரியமில வாயுவுக்கு அந்தத் தடை இல்லை. ஒரு லிட்டர் ரத்தத்தில் அது அரை லிட்டர் அளவுக்குக் கரைந்தும் கலந்தும் கிடக்கிறது, உடம்பு நிமிடத்துக்கு உண்டாக்குவதோ சுமார் 200 மில்லி. ஆகவே நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ரத்தத்தை வெளியே ஓட்டினாலே அந்த நிமிடத்து உற்பத்தியை எடுத்துவிடலாம். அசையாத நுரையீரலில் ஆக்சிஜன் சுலபம், கரியமில வாயு கஷ்டம். வெளியே ஓட்டும் ரத்தத்தில் கரியமில வாயு சுலபம், ஆக்சிஜன் கஷ்டம். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். கோலோபோவும் அவரிடம் வேலை பார்த்த கட்டினோனியும் பிடித்தது இந்த இடத்தைத்தான்: கரியமில வாயுவை வெளியே எடு, ஆக்சிஜனை நுரையீரலில் மெதுவாக விடு, நுரையீரல் ஓய்வெடுக்கட்டும்.

ஓய்வு ஏன் வேண்டும் என்பதையும் விலங்குகள்தான் சொல்லின. 1974ல் வெப்பும் டியர்னியும் எலிகளை அதிக அழுத்தத்தில் வென்டிலேட் செய்தார்கள். நல்ல நுரையீரல்கள். ஒரு மணி நேரத்துக்குள் நீர் கோத்து நாசமாயின. 1987ல் கோலோபோவ் ஆடுகளில் இதையே காட்டினார். மருத்துவம் கேட்கவில்லை. பெரிய பெரிய மூச்சாகக் கொடுப்பதே நல்லது என்று உலகம் முழுக்க ஐ.சி.யூ.க்களில் தொடர்ந்து செய்தார்கள். 2000ல்தான் 861 நோயாளிகளில் செய்த பெரிய சோதனை வெளிவந்தது. உடல் எடை கிலோவுக்கு 12 மில்லி வீதம் மூச்சு கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். எலிகள் சொன்னதைக் கேட்க இருபத்தாறு வருடம். அதற்குள் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. விலங்கை வைத்துச் சோதனை செய்துவிட்டு அதன் முடிவை அலமாரியில் வைப்பது போல இரட்டைப் பாவம் வேறு இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாய்களில் அழகாக வேலை செய்தது நோயாளியிடம் தோற்றதும் நடந்திருக்கிறது. 1972ல் ஜெர்மனியில் லுங்கன்ஹைமர் வேறு எதையோ அளக்கப் போய், நாயின் மூச்சுக்குழாயில் காற்றை வேகமாக அதிர வைத்தாலே கரியமில வாயு வெளியேறுவதைக் கண்டார். 1980ல் டொரன்டோவில் வினாடிக்கு 15 அதிர்வு, அதுவும் மூச்சுக்குழாயின் கொள்ளளவைவிடச் சிறிய அதிர்வு, அதிலேயே நாய்கள் நன்றாக இருந்தன. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பயன்படுத்துகிறோம், குட்டி நெஞ்சு நடுங்கிக்கொண்டே இருக்கும், தாய்மார்கள் பயந்துபோவார்கள். பெரியவர்களுக்கு? 2013ல் இரண்டு பெரிய சோதனைகள் வந்தன. ஒன்றில் பலன் இல்லை, மற்றதில் சாவு கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள்.

திரவ மூச்சு இன்னும் பெரிய கனவு. 1962ல் நெதர்லாந்தில் கில்ஸ்ட்ரா, அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பிய உப்புநீரில் எலிகளை மூழ்கடித்தார். அவை நீரையே மூச்சாக இழுத்து மணிக்கணக்கில் உயிரோடு இருந்தன. அங்கேயும் வில்லன் கரியமில வாயுதான், நீர் அதைப் போதுமான வேகத்தில் வெளியே கொண்டுபோகவில்லை. 1966ல் லீலண்ட் கிளார்க்கும் கோலனும் பெர்ஃப்ளூரோகார்பன் என்ற திரவத்தைப் பிடித்தார்கள். தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், நிறமில்லை. 100 மில்லியில் 50 மில்லி ஆக்சிஜன் கரையும், ரத்தத்திலேயே 20 மில்லிதான். எலிகளும் பூனைகளும் சாதாரண அழுத்தத்திலேயே அதைச் சுவாசித்தன. ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் மின்முனையை உருவாக்கியவரும் இதே கிளார்க்தான். எங்கள் ரத்தவாயு மெஷினில் ஒரு சொட்டு ரத்தத்தை விடும்போதெல்லாம் அவர் கைவேலையைத்தான் தொடுகிறேன். 1989ல் பிலடெல்பியாவில் பிழைக்க வழியில்லாத குறைமாதக் குழந்தைக்கு அந்தத் திரவத்தை முதலில் கொடுத்தார்கள். இறுகியிருந்த நுரையீரல் இளகியது, ஆனாலும் குழந்தை தங்கவில்லை. பெரியவர்களில் செய்த சோதனை 2006ல் வந்தது, சாதாரண வென்டிலேட்டரைவிட மேலானதாக இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஆய்வகத்து விலங்கு இளசு, ஆரோக்கியமானது. அதன் நுரையீரலை உப்புநீரால் கழுவி ஒரே நாளில் நோயாளி ஆக்குகிறார்கள். என் வார்டில் வருகிறவர் அறுபது வயசு, சர்க்கரை, பழைய காசநோய்த் தழும்பு, சுரங்கத்திலோ ஆலையிலோ முப்பது வருடம் தூசி. இரண்டும் ஒரே நுரையீரல் ஆகாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே யோசிக்காத சோதனைக்கு விலங்கைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஆடு வெட்டலாமா கூடாதா என்று எங்கள் குடும்பங்களில் வருடா வருடம் சண்டை வரும். அந்தச் சண்டை நல்லது, அந்த உயிருக்கு யாரோ பேசுகிறார்கள். ஆய்வகத்துக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும். 1959ல் ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று: விலங்குக்குப் பதில் வேறு வழி பார், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் தேசியத் தரவிதியே இருக்கிறது, நெறிக்குழு ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது. விதி இருப்பது மட்டும் போதாது, தோற்ற சோதனையையும் வெளியே சொல்லும் நேர்மை வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு ஊரில் இன்னொருவர் அதே விலங்கை அதே கேள்விக்காக மறுபடி கொல்வார்.

மறந்துபோகிறவர்கள் விலங்குகள் மட்டும் இல்லை. 1950களில் இதய அறுவைக்கு ரத்தத்தை ஆக்சிஜனேற்ற, டொரன்டோவில் மஸ்டர்ட் குரங்கின் நுரையீரலையும் மினசோட்டாவில் லில்லிஹை குழுவினர் நாயின் நுரையீரலையும் கழற்றிக் குழந்தைகளின் ரத்தத்தை அதன் வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். அதே மினசோட்டாவில் படித்த கிறிஸ்டியான் பர்னார்ட் 1958ல் இதய-நுரையீரல் கருவியோடு கேப் டவுன் திரும்பினார். அவருடைய விலங்கு ஆய்வகத்தில் நாய்களுக்கு மயக்கம் கொடுத்து, குழாய் இறக்கி, மூச்சைப் பார்த்துக்கொண்டவர் ஹாமில்டன் நாக்கி. டிரான்ஸ்கையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். 1954ல் ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ராபர்ட் கோட்ஸ் கூப்பிட்டதில் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். பின்னால் டாக்டர்களுக்கே அறுவை சொல்லிக்கொடுத்தார். 1967 டிசம்பரில் பர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்று அறையிலேயே அவர் இருந்தார் என்று பரவிய கதை உண்மை இல்லை. அந்தப் பொய் அவருக்குத் தேவையும் இல்லை. 1991ல் தோட்டக்காரர் பென்சனோடு ஓய்வு பெற்றார். கேப் டவுன் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது 2003ல், 2005ல் இறந்தார். எங்கள் வேலையின் மூத்தவர் என்று நான் யாரையாவது சொல்வதானால் அவரைத்தான் சொல்வேன்.

இப்போது நடப்பது. 2012ல் பாஸ்டனில் ஜான் கெய்ர், கொழுப்பு உறைக்குள் ஆக்சிஜனை அடைத்த நுண்துகள்களை முயல்களின் ரத்தத்தில் நேராக ஏற்றினார். மூச்சுக்குழாயை அடைத்த பிறகும் 15 நிமிடம் வரை தாக்குப்பிடித்தன. அதற்கு மேல் போனால் ஏற்றும் திரவமே உடம்புக்குச் சுமை, கரியமில வாயுவும் உள்ளேயே தேங்கும்.

என்னை அதிகம் இழுப்பது ஜப்பானில் டகனோரி டகபேயின் வேலை. சேற்றில் வாழும் ஒருவகை மீன், நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும். நம் ஊர் அயிரை மீனின் குடும்பம்தான். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் அதே அயிரை. மீனால் முடிந்தது பாலூட்டியால் முடியுமா என்று கேட்டார்கள். 2021ல் வந்த ஆய்வில், ஆக்சிஜன் மிகக் குறைந்த அறையில் வைத்த எலிகள் பதினோரு நிமிடம் போல்தான் தாங்கின. ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் ஆக்சிஜன் செலுத்தியபோது முக்கால்வாசி எலிகள் 50 நிமிடம் தாங்கின. ஆனால் அதற்குக் குடலின் உட்தோலைச் சுரண்டி மெல்லிசாக்க வேண்டியிருந்தது, நோயாளிக்கு ஆகாத வேலை. அதனால் கிளார்க்கின் அதே திரவக் குடும்பத்திலிருந்து பெர்ஃப்ளூரோடெகலினை எடுத்து, ஆக்சிஜன் நிரப்பி, எனிமா போலக் கொடுத்தார்கள். எலிகளிலும் பன்றிகளிலும் ரத்த ஆக்சிஜன் ஏறியது. நுரையீரலில் தோற்ற திரவத்துக்குக் குடலில் இன்னொரு வாய்ப்பு. இதற்கு 2024ல் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் கொடுத்தார்கள். பேசிச் சிரித்தவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. 2025ல் ஆரோக்கியமான 27 ஆண்களிடம் முதல் மனிதச் சோதனை வந்தது. ஆக்சிஜன் நிரப்பாத வெறும் திரவம், 25 மில்லியிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை, ஒரு மணி நேரம் உள்ளே வைத்திருக்க வேண்டும். அதிக அளவில் வயிறு உப்பியது, வலித்தது. ஆபத்தாக ஒன்றும் இல்லை.

வடக்கு க்வாசூலு-நட்டாலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து டர்பனுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். ரத்தத்தை வெளியே ஓட்டும் எக்மோ கருவி இந்த நாட்டில் சில பெரிய ஊர்களில் மட்டும் இருக்கிறது, அதற்கு ஆள், பணம், இடம் எல்லாம் வேண்டும். ட்யூப் போட முடியாத தொண்டை, வென்டிலேட்டருக்கு மசியாத நுரையீரல், நடுவழியில் இறங்கிக்கொண்டே போகும் சாச்சுரேஷன். அந்த வண்டியில் ஒரு நர்ஸ் ஒரு பையைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் வாங்க முடிந்தால், அதன் விலை எனக்குத் தெரியும். டகபே குழுவின் அடுத்த படி ஆக்சிஜன் நிரப்பிய திரவத்தோடு மனிதச் சோதனை. ரத்தத்தில் எவ்வளவு ஏறியது, எத்தனை நிமிடம் நின்றது என்று அதில் பார்ப்பார்கள். கரியமில வாயு எவ்வளவு இறங்கியது என்பதையும் அதே அட்டவணையில் பக்கத்திலேயே போடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். நான் முதலில் தேடப்போவது அந்தப் பத்தியைத்தான்.